மெஷினுக்குக் காது வைத்த வாரம்

2024 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, ஆடி ஐந்து. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் பாக்கெட்டைக் கழுவி அடுப்படியில் வைத்தேன். கடையில் லென்ஸ் துடைக்கும் துணிகளை வாரம் ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே துவைப்பது வழக்கம். சாரல் காலத்தில் மாடியில் எதுவும் காயாது என்பதால் நாற்காலி முதுகுகளில் விரித்து மின்விசிறியைப் போட்டுவிட்டேன். பிறகு சவரம், குளியல், பத்திரிகை. காலைப் பலகாரம் இட்லியும் மிளகாய்ப் பொடியும். என் மனைவி பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போய் மடிக்கணினியைத் திறந்தாள்.

அவள் பதற்றத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய ஆராய்ச்சியில் முக்கியமான அத்தியாயம் நிற்குமா, போகுமா என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

நான் தென்காசியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதனையும் நானே செய்வேன். அவள் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, வேலையை விடாமலே, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். எடுத்துக்கொண்டது ஆட்டக் கோட்பாடு. ‘இருபத்தெட்டு’ என்கிற சீட்டாட்டத்தைத் தானாகக் கற்றுக்கொண்டு ஆடும் கணினி நிரல் ஒன்றை அவளே எழுதினாள். அவளுடைய வழிகாட்டி திருநெல்வேலியில் இருக்கிற பேராசிரியர். ஜூன் மாதம் நிரலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அவள் வீட்டில் வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

“மெஷின் மெஷினோட ஆடி ஜெயிக்கிறது, கண்ணாடியப் பாத்துச் சண்ட போடுத மாதிரி மேடம். மனுசங்களோட ஆட விடுங்க. ஜெயிச்சாப் போதாது, சீட்டுல அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கு. எதிராளி என்ன கேப்பான்னு அது முன்கூட்டியே சொல்லணும். ஜூலை இருபத்தஞ்சு வர பாப்போம். தேறலன்னா அந்த அத்தியாயத்த எடுத்துருவோம்.”

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மீதி இருப்பது ஊரார் ஏற்கெனவே எழுதியதன் சுருக்கம்தான் என்றாள். கால நீட்டிப்பும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இன்னொரு முறை தரமாட்டார்கள்.

இருபத்தெட்டு தெரியாதவர்களுக்கு: நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளை எடுத்துவிடுவோம். ஜாக்கிதான் ராஜா, செங்கோட்டைப் பக்கம் அதற்குக் குலான் என்று பெயர், மதிப்பு மூன்று. ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மற்றதற்கு ஒன்றுமில்லை. எல்லாம் கூட்டினால் இருபத்தெட்டு. முதலில் நாலு சீட்டு கைக்கு வந்ததும் ஏலம் தொடங்கும். முதல் ஆள் பதினாலு கேட்டே ஆக வேண்டும். மற்றவர்கள் கூட்டிக் கேட்கலாம், அல்லது பாஸ் சொல்லலாம். ஏலம் எடுத்தவர் துருப்பு எந்த இனம் என்று மனதுக்குள் முடிவு செய்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நாலு சீட்டு. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டும் ஒரு பிடி, அது பெரிய சீட்டு போட்டவருக்கு. கேட்ட புள்ளியை அவரும் ஜோடியும் எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

குற்றால சீசன் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் ஆடுவோம். நான், என் மனைவி, ஆய்க்குடிக்காரரான ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர், செங்கோட்டையில் மிளகும் ஏலக்காயும் மொத்த வியாபாரம் செய்கிற மைனி. மைனி எனக்கு ரத்த சொந்தம் இல்லை. பழக்கத்தில் வந்த மைனி. ஐந்தருவி ரோட்டில் அவர்களுக்கு ஒரு சின்ன வீடு உண்டு. சீசனுக்கு மட்டும் திறப்பார்கள். அங்கேதான் ஆட்டம்.

நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை. எங்களிடம் இருப்பது குணுக்கு. ஏலம் கேட்டுத் தோற்ற ஜோடி காதில் துணி கிளிப் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னோர் ஏலம் கேட்டு ஜெயித்தால்தான் கழற்றலாம். கடைசி ஆட்டம் முடியும்போது எந்த ஜோடியின் காதில் கிளிப் இருக்கிறதோ, அதில் கடைசியாக ஏலம் தோற்றவர், கிளிப்போடு தெரு முனை டீக்கடைக்கு நடந்து போய் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வர வேண்டும். சீசன் ஞாயிறு சாயங்காலம் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஈரத் தலையோடு ஊர் உலகமே நடமாடும். நம்மைத் தெரிந்தவர் ஒருவராவது எதிரே வராமல் இருக்கமாட்டார்.

என் மனைவியின் நிரலுக்கு விதிமுறையைத் தவிர வேறு எதையும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தன்னுடைய நகல்கள் மூன்றை உட்கார வைத்து, நான் தூங்கும்போதும் கடையில் இருக்கும்போதும் ஆடிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் குலானைத் தூக்கிக் கண்ட இடத்தில் போட்டது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், இந்த இடத்தில் அதைப் போடாமல் இதைப் போட்டிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று பார்த்து அந்த வருத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். எந்தச் சீட்டைப் போடாததற்கு வருத்தம் கூடுதலோ, அடுத்த முறை அந்தச் சீட்டின் பக்கம் சாயும். இதை அவள் விளக்கியபோது, நான் கடையில் செய்வதும் ஏறக்குறைய இதுதானே என்றேன். “முதல் கண்ணாடி தெளிவா, ரெண்டாவது தெளிவா” என்று மாற்றி மாற்றிக் கேட்டுத்தானே பவரைக் கண்டுபிடிக்கிறோம். அந்த உதாரணத்தை அவள் வகுப்பில் என் பெயரோடு சொல்லியிருக்கிறாள் என்று பிறகு ஒரு மாணவியின் தகப்பனார் கண்ணாடி வாங்க வந்தபோது தெரிந்தது. அன்று முழுவதும் எனக்குப் பெருமையில் கடையில் இருப்புக்கொள்ளவில்லை.

சதுரங்கம் ஆடும் மெஷின்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருந்தேன். சீட்டு அதைவிடச் சிரமமா என்று ஒருநாள் கேட்டேன். “சதுரங்கத்துல எல்லாக் காயும் பலகை மேல தெரியுதுல்லா. சீட்டுல அடுத்தவன் கையில இருக்கிறது தெரியாது. அவன் கேக்குத ஏலத்த வச்சு ஊகிக்கணும். நாம ஊகிப்போம்னு அவனுக்கும் தெரியும், அதனால அவன் பொய்யா கேப்பான். அந்தப் பொய்க்கும் கணக்கு இருக்கு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

முந்தைய ஞாயிறு, ஜூலை 14 அன்று, முதல் பரீட்சை நடந்தது. வழக்கமாக அவள் உட்காரும் இடத்தில் மடிக்கணினி உட்கார்ந்தது. நிரலுக்கு வந்த சீட்டுகளை அவள் பார்த்துத் தட்டச்சு செய்வாள். அது சொல்லும் சீட்டை எடுத்துப் போடுவாள். அது சொல்லும் ஏலத்தை வாயால் சொல்வாள். தன் யோசனையைச் சொல்லக்கூடாது. நிரலுக்கு ஜோடி இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி. எதிர் ஜோடி நானும் மைனியும்.

அண்ணாச்சி மிகவும் உற்சாகமாகத்தான் உட்கார்ந்தார். “தங்கச்சி, மூளக்கார மெஷின எனக்கு ஜோடியாப் போட்டிருக்கே. இன்னைக்கு இந்தக் கண்ணாடிக்காரர் காது அறுந்து விழுதா இல்லியா பாரு.”

அறுந்தது அவர் காதுதான். மைனி பாஸ் சொல்வார்கள். நிரல் உடனே பதினெட்டு கேட்கும். பாதி ஆட்டத்தில் மைனி கையிலிருந்து ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு குலான் இறங்கும். நான் பாஸ் சொல்வேன், அது பத்தொன்பது கேட்கும், என்னிடமிருந்து இறங்கும். நிரலும் அண்ணாச்சியும் தோற்றுக்கொண்டே போனார்கள். கிளிப் மாட்ட நிரலுக்குக் காது இல்லை என்கிற பிரச்சினை எழுந்தபோது மைனி தங்கள் பாதி மலையாளத்தில் தீர்ப்பு சொன்னார்கள்.

“அதிந்தெ குணுக்கும் உமக்குத்தான் அண்ணாச்சி. ஜோடியல்லோ?”

“ரெண்டு காதுலயுமா? நான் என்ன பாம்படம் போட்ட கெழவியா?”

“செவி ரெண்டு உண்டல்லோ. இடும் ஓய்.”

அண்ணாச்சி இரண்டு காதிலும் கிளிப்போடு டீக்கடைக்குப் போனார். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு காவலர் அங்கே சீசன் பந்தோபஸ்தில் நின்றிருக்கிறார். இவரைக் கண்டதும் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்திருக்கிறார். திரும்பி வந்த அண்ணாச்சி கிளிப்புகளைக் கழற்றி மேசையில் எறிந்தார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காத. இந்த மூதேவி மெஷினோட இனிமே நான் ஜோடி சேர மாட்டேன். எதுத்து வேணா ஆடுதேன்.”

என் மனைவியும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பையை நனையாமல் முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு ஆறுதல் பிடிக்காது. தவறு எங்கே என்று தெரிந்தால் போதும்.

அது மறுநாள் திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. கல்லூரி விட்டு வந்ததும் எல்லா ஆட்டங்களையும் திரையில் வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். தோற்ற இடமெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. யாராவது பாஸ் சொன்னால், அவர் கையில் ஒன்றுமில்லை என்று நிரல் நம்பியது. நகல்களோடு ஆடியபோது அது உண்மை. நல்ல சீட்டு வைத்துக்கொண்டு பாஸ் சொல்வதால் அவற்றுக்கு நஷ்டம்தான். ஆனால் மைனி இரண்டு குலானை வைத்துக்கொண்டு ஏன் பாஸ் சொல்ல வேண்டும்? என் மனைவி போனைப் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, மைனியிடமே கேட்டாள்.

“டீச்சரே, கேட்டுத் தோத்தா ஆரு டீக்கடைக்குப் போறது? எனக்கு வய்யா. கடைக்கு மிளகு வாங்க வர்றவன் எல்லாம் சீசனுக்கு இங்கனதான் சுத்துதான். காதுல குணுக்கோட என்னப் பாத்தா, பிறகு என்னோட விலை பேசுவானா? குலான் ரெண்டு வந்தாலும் நான் மிண்டாமத்தான் இருப்பேன். பிறகு காதுல கிளிப்பு விழுந்துட்டா விடமாட்டேன், கையில ஒரு சுக்கும் இல்லன்னாலும் கேப்பேன். கழட்டணும்லா?”

என் மனைவி போனை வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“நானும் அப்படித்தானங்க ஆடுதேன்! இத்தன வருசமா குலான வச்சுக்கிட்டு பாஸ் சொல்லிட்டு உக்காந்திருக்கேன், என் காலேஜ் புள்ளைங்க யாராவது பாத்துருவாங்களோன்னு. எனக்கு இது தோணல பாருங்க. மெஷினுக்குக் காது வைக்க மறந்துட்டேன்.”

அவள் அதைப் பிறகு எனக்கு நிதானமாக விளக்கினாள். ஆட்டத்தில் ஜெயித்தால் என்ன கிடைக்கும், தோற்றால் என்ன போகும் என்று ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். அவள் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிறபடி, ஜெயித்தால் ஒன்று கூட்டு, தோற்றால் ஒன்று கழி என்று கொடுத்திருந்தாள். நிரல் அந்த மதிப்புக்குத் துல்லியமாகத்தான் ஆடியது. ஆனால் ஐந்தருவி ரோட்டில் யாரும் அந்த ஒன்றுக்காக ஆடவில்லை. எல்லாரும் டீக்கடைக்குப் போகாமல் இருப்பதற்காக ஆடுகிறோம். மேசையில் கிடந்தது ஒரே சீட்டுக்கட்டுதான். ஆனால் நாங்கள் ஆடியது வேறு ஆட்டம்.

அந்த வாரம் முழுவதும் அவள் அதைத் திருத்தினாள். கிளிப்புக்கு ஒரு மதிப்பு, அதைக் கழற்றுவதற்கு ஒரு மதிப்பு, டீக்கடை நடைக்குப் பெரிய மதிப்பு. எவ்வளவு பெரியது என்பதில்தான் சிக்கல். எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டாள்: ஒரு நடையைத் தவிர்க்க எத்தனை ஆட்டம் தோற்கச் சம்மதிப்பீர்கள்? மைனி, சீசன் முழுக்கத் தோற்கிறேன் என்றார்கள். அண்ணாச்சி, சல்யூட் அடித்த காவலரை வேறு ஊருக்கு மாற்றினால் போய்வருகிறேன் என்றார். நான் யோசித்து ஒரு எண் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்கீங்க” என்றாள். நிரல் மறுபடியும் நகல்களோடு ஆடத் தொடங்கியது. இந்த முறை நகல்கள் எல்லாவற்றுக்கும் காது இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் என்னிடம் ஒரு நிபந்தனை போட்டாள்.

“நாளைக்கு நீங்களும் அண்ணாச்சியும் ஜோடி. மெஷினுக்கு மைனி ஜோடி. எனக்காக விட்டுக்குடுத்து ஆடுனீங்கன்னு வைங்க, கண்டுபிடிச்சிருவேன். ஒரு ஆட்டம் அப்படி ஆடுனாலும் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்.”

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த எண்ணம் இருந்தது. சரி என்று தலையாட்டினேன். என்னிடம் இருக்கும் முழுத் திறமையோடும் என் மனைவியின் அத்தியாயத்தைத் தோற்கடிக்கப் பார்ப்பது என்று அப்படி முடிவாயிற்று.

இப்போது இருபத்தொன்றாம் தேதிக்கு வருகிறேன். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனோம். பழைய குற்றாலம் போகிற வண்டிகளால் வழி அடைத்துக் கிடந்தது. மைனி வீட்டு வராந்தாவில் மேசை தயாராக இருந்தது. கிளிப்புகள் ஒரு கிண்ணத்தில். அண்ணாச்சி காதைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“தங்கச்சி, போன வாரத்து மெஷின்தானா, இல்ல வேற வாங்கிட்டியா?”

“அதேதான் அண்ணாச்சி. இப்பம் அதுக்கும் உங்கள மாதிரி மானம் ரோசம் எல்லாம் உண்டு.”

“அப்பம் தொலைஞ்சுது போ.”

ஒவ்வொருவர் ஏலம் சொல்லும் முறை வரும்போதும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் என்ன சொல்வார் என்று நிரல் எழுதி வைத்துக்கொள்ளும்படி அவள் அமைத்திருந்தாள். பேராசிரியர் கேட்டது அதுதான். அது எங்களுக்குத் தெரியாது. திரை அவள் பக்கம் இருந்தது. நாங்கள் பார்க்க முடிந்தது அவள் முகத்தை மட்டும். அதில் எதுவும் படிக்க முடியவில்லை. கல்லூரியில் பரீட்சை மேற்பார்வைக்கு நிற்கிற முகம் அது.

முதல் சில ஆட்டங்கள் அங்கும் இங்குமாகப் போயின. ஆனால் எங்களுக்கு ஒன்று புரிந்தது. போன வாரம் போல அது முந்திக்கொண்டு கேட்கவில்லை. அண்ணாச்சி இரண்டு குலானைப் பிடித்துக்கொண்டு அப்பாவியாகப் பாஸ் சொன்னார். அதுவும் பாஸ் சொன்னது. அவர் சீட்டுகளைக் கீழே இறக்கிவிட்டு அந்த மடிக்கணினியின் முதுகையே முறைத்துப் பார்த்தார். “பாக்குது பாரு, என்னையே பாக்குது” என்றார்.

நடுவில் ஒரு தடவை அதன் ஜோடியான மைனி பதினாறு கேட்டுத் தோற்றார்கள். ஒரு கிளிப் மைனி காதுக்குப் போனது. நிரலுக்குரிய கிளிப்பை என் மனைவி தானாகவே எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டே ஆட்டத்தில் நிரல் ஏலம் எடுத்து ஜெயித்துக் கழற்றியது. “மிடுக்கி!” என்று மைனி மடிக்கணினியைத் தட்டிக்கொடுத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிளிப் எங்கள் பக்கம் வந்தது. அண்ணாச்சி அவசரப்பட்டுக் கேட்டுத் தோற்றார். கழற்ற வேண்டும் என்று மறுபடி கேட்டோம். நிரல் எங்களோடு போட்டிக்கு வரவில்லை. எங்களைக் கேட்க விட்டுவிட்டுப் பிடிகளை எண்ணி எண்ணிப் பிடுங்கியது. வெளியே தூறல் நின்று வெயில் போல ஏதோ ஒன்று அடித்தது. மைனி சீட்டைக் குலுக்கிக்கொண்டே, “இது கடைசி ஆட்டம், டீக்கு நேரமாச்சு” என்றார்கள். எங்கள் இருவர் காதிலும் கிளிப்.

அந்த ஆட்டத்தை நான் மறக்கமாட்டேன். முதல் நாலு சீட்டில் எனக்கு இஸ்பேட் குலான், இஸ்பேட் ஒன்பது, ஆடுதன் ஏஸ், கிளாவர் ஏழு. மைனி முதல் ஆள். கட்டாயப் பதினாலு சொன்னார்கள். நான் பதினைந்து என்றேன். நிரல் முறை. என் மனைவி திரையைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள்.

“பதினாறு.”

அண்ணாச்சி பாஸ். மைனி பாஸ். மறுபடி என் முறை. கடைசி ஆட்டம். நான் விட்டால் ஏலம் நிரலுக்குப் போகும், எங்கள் கிளிப் கழலாது. கேட்டால்தான் கழற்ற வழி உண்டு.

“பதினேழு” என்றேன்.

“என்னவே, பதினேழா? கையில தங்கமா வச்சிருக்கீரு?” என்றார் அண்ணாச்சி.

நிரல் பாஸ் சொன்னது. நான் இஸ்பேடைத் துருப்பாகக் கவிழ்த்தேன். அடுத்த நாலு சீட்டில் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கவனத்தோடு நான் சீட்டு ஆடியதில்லை. போன சீட்டு ஒவ்வொன்றும் மனதில் இருந்தது. அண்ணாச்சியும் பிரமாதமாக ஆடினார். கடைசிப் பிடிக்கு முன்னால் பதினாறு எடுத்திருந்தோம். இன்னும் ஒன்று போதும். அப்போது மைனி கையிலிருந்து, இத்தனை நேரம் மிண்டாமல் இருந்த கிளாவர் குலான் மேசையில் வந்து விழுந்தது.

பதினாறுதான். ஒன்று குறைவு.

“திருட்டு மெஷினு!” என்று அண்ணாச்சி சீட்டை வீசினார். “பதினஞ்சுல விட்டிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்லா. பதினாறுன்னு கேட்டு ஏத்திவிட்டுட்டு, அது நைசா எறங்கிட்டு. அது கையில அப்படி என்னதான் இருந்துச்சு தங்கச்சி?”

என் மனைவி நிரலின் சீட்டுகளை, முதலில் வந்த நாலை மட்டும், மேசையில் விரித்தாள். ஒரு குலான்கூட இல்லை. பதினாறு அல்ல, பதினாலுக்கே தேறாத கை. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். பதினாறு கேட்பதற்கு முன்னால் அது எழுதி வைத்திருந்தது திரையில் இருந்தது: கடைசி ஆட்டம், காதில் கிளிப், இவர் பதினாறில் நிற்கமாட்டார், பதினேழு கேட்பார்.

இவர் என்றால் நான்.

“பொய் சொல்லியிருக்குங்க” என்றாள் அவள். “நான் சொல்லிக்குடுக்கல. இந்தப் பொய்ய அதுவாக் கண்டுபிடிச்சிருக்கு. காது வச்ச பெறகு கண்டுபிடிச்சிருக்கு.”

“சூத்ரக்காரி!” என்றார்கள் மைனி, மலையாளத்தில் தந்திரக்காரி. மெஷினையா அவளையா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்தும்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “ஏட்டி தங்கச்சி, விசாரணைக்குக் கூப்புடுத எடத்துல எல்லாம் நான் இப்படித்தான் ஏத்திவிட்டு எறங்குவேன். இத எவன்ட்டயும் சொல்லிரக் கூடாதுன்னு இருந்தேன். நீ கணக்காப் போட்டு வச்சிருக்கியே” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

கடைசியாக ஏலம் தோற்றவன் நான். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காதில் நீல நிற கிளிப். வழக்கமாக நான் இந்த நடைக்குச் சுவரை ஒட்டி, குடையைக் காதுப்பக்கம் சாய்த்துப் போவேன். அன்று குடையை எடுக்கவே இல்லை. தெரு நடுவில் நடந்தேன். நேந்திரம் சிப்ஸ் வறுக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம் வழி விட்டது. டீக்கடையில் மாஸ்டர், “இந்த வாரம் கண்ணாடிக் கடையா?” என்றார்.

பஜ்ஜிக்குக் காத்து நிற்கும்போது ஈரத் தலையோடு மூன்று பெண்கள் என்னைப் பார்த்துப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி துணிந்து வந்தாள்.

“சார், நீங்க எங்க மேத்ஸ் மேடம் வீட்டுக்காரருதான?”

“ஆமா.”

“காதுல என்ன சார்?”

“உங்க மேடம் எழுதுன புரோகிராம் மாட்டிவிட்டது. நான் என்ன கேப்பேன்னு எனக்கு முந்தி அது எழுதி வச்சிருந்துச்சும்மா. கையில ஒண்ணுமே இல்லாம என்ன ஏமாத்திட்டு.”

“அய்யோ, மேடமா?” என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “எங்களையும் தோக்கடிக்குமா சார்?”

“வந்து ஆடிப் பாருங்க. காத மட்டும் கழுவிட்டு வாங்க.”

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். நான் கிளிப் தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது இப்போது அவள் துறையின் வாட்ஸப் குழுவில் இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன். இருக்கட்டும்.

நான் திரும்பி வந்தபோது அவள் அன்றைய கணிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் சரி. தவறியதில் முக்கால்வாசி அண்ணாச்சியுடையது. “அவருக்கு வச்ச எண்ணு சரியில்ல. அந்தக் காவலருக்கும் சேத்து ஒரு மதிப்பு போடணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஜ்ஜியை எடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிரூபணம் ஆகாது, சீசன் முடியும்வரை ஆட வேண்டும் என்றும் சொன்னாள். ஆனால் பேராசிரியரிடம் காட்ட இது போதும். வராந்தாவில் நின்றபடியே அவருக்கு போன் செய்தாள். காது, கிளிப், டீக்கடை எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அவர் சிரித்தது எங்களுக்கே கேட்டது. அத்தியாயம் இருக்கட்டும், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வாருங்கள் என்றார்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் முதல் வேலையாக அவளை பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் சன்னலோர சீட்டைத் துடைத்து, அவளை உட்காரவைத்து, மடிக்கணினிப் பையை அவள் மடியில் வைத்தேன்.